முதலில் வாங்கும் மறுமுத்திரைக் காசு: மணிலாவா, அசோர்ஸா, போர்ட்டோ ரிக்கோவா?

போன மாதம் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பினான். மூன்றும் பழைய வெள்ளிக் காசுகள். இரண்டு, ஜார்ஜ் ராஜா காலத்து ரூபாயைவிட ஒரு சுற்றுப் பெரியவை. மூன்றாவது ஏறக்குறைய அந்த ரூபாய் அளவு, அதில் ஓர் ஓட்டை வேறு. ஒவ்வொன்றின் மேலும் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இல்லாத ஒரு முத்திரை. "மாமா, மூணுல ஒண்ணுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" அவ்வளவுதான் செய்தி. போனஸ் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

அவன் இதுவரை சேர்த்ததெல்லாம் கம்பெனி காலத்து மதராஸ் காசுகளும் ராஜா தலை ரூபாய்களும்தான். அங்கிருந்து நேராகத் தீவுகளின் மறுமுத்திரைக் காசுகளுக்குத் தாவுகிறான். நல்ல தாவல்தான், ஆனால் குழியும் அதிகம். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதிவிட்டேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் உதவட்டும்.

மறுமுத்திரை என்பது சேகரிப்பாளர்கள் கவுண்டர்மார்க் என்று சொல்வது. ஏற்கெனவே ஒரு நாட்டில் அச்சாகிப் புழங்கிவிட்ட காசின் மேல், வேறோர் ஆட்சி தன் சின்னத்தைக் குத்தி "இது இங்கே செல்லும்" என்று சொல்வது. சீன வணிகர்களும் காசு மாற்றுவோரும் வெள்ளி டாலர்களில் போட்ட குட்டிக் குத்துகள் வேறு வகை. அவை தனியார் சோதித்துப் பார்த்ததற்கான அடையாளம். மறுமுத்திரை அரசின் கை.

தீவுகளில் இது ஏன் இவ்வளவு? தீவில் அச்சாலை இருக்காது. காசு கப்பலில் வரும், கப்பலிலேயே போய்விடும். துணி, கோதுமை, சாராயம் என்று எது வாங்கினாலும் வெளியூர்க்காரனுக்கு நல்ல வெள்ளியைத்தான் எண்ணிக் கொடுக்க வேண்டும். கடைசியில் தீவுக்குள் தங்குவது தேய்ந்ததும் வெட்டுப்பட்டதும் ஓட்டை விழுந்ததும்தான். கவர்னராக வருபவனுக்கு லண்டனிலிருந்தோ மாட்ரிட்டிலிருந்தோ புதுக்காசு எப்போது வரும் என்று தெரியாது. ஓர் உளியும் சுத்தியலும் கிடைத்தால் போதும், இருப்பதை வைத்துச் சமாளித்துவிடலாம்.

ஓர் உளியும் சுத்தியலும் போதும் என்றேனே, சேகரிப்பாளனுக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. முழுக் காசைக் கள்ளத்தனமாகச் செய்ய வெள்ளி வேண்டும், இரண்டு பக்க அச்சு வேண்டும், விளிம்பு வேலை வேண்டும். முத்திரைக்கு ஒரே ஒரு குத்தூசி. காசு நிஜமாகவே பழையதாக இருக்கும், எடை சரியாக இருக்கும், வெள்ளி சுத்தமாக இருக்கும். பொய்யாக இருப்பது அந்தச் சின்ன வட்டம் மட்டும்தான். நாம் விலை கொடுப்பதோ அந்த வட்டத்துக்கு.

இது இன்றைய ஏமாற்று மட்டுமல்ல. 1797 இல் இங்கிலாந்து வங்கியே வெள்ளித் தட்டுப்பாட்டில் ஸ்பானிய டாலர்களின் கழுத்தில் மூன்றாம் ஜார்ஜின் தலையை ஒரு சின்ன நீள்வட்டத்தில் குத்தி வெளியிட்டது. முட்டாள் தலையைக் கழுதைக் கழுத்தில் குத்திவிட்டார்கள் என்று லண்டனில் கேலிப்பாட்டே கட்டினார்கள். கள்ள முத்திரை பெருகிவிட, 1804 இல் எண்கோண முத்திரைக்கு மாறினார்கள். அதுவும் தாக்குப்பிடிக்கவில்லை. அதே ஆண்டு மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபரின் நீராவி எந்திரத்தில் முழுக் காசையும் மறுபடி அச்சடித்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். வங்கிக்கே இந்தக் கதி என்றால் நம் போனஸ் எம்மாத்திரம்!

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில், ஓட்டை போட்ட அமெரிக்க அரை டாலர் ஒன்றை வாங்கினேன். மேலே அழகான லில்லிப்பூ முத்திரை. போர்ட்டோ ரிக்கோ என்றார்கள், நம்பினேன். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் அதைத்தான் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மனைவியின் கொலுசு ஒட்டப் போனபோது பத்தரிடமும் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுப்பதற்கு முன்பே விரல் நகத்தால் முத்திரையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். அப்புறம் ஓட்டையின் உட்பக்கத்தைத் தடவினார். "ஓட்டை பழசு சார். பூ புதுசு" என்றார். ஓட்டையின் விளிம்பு தண்ணீரில் உருண்ட கூழாங்கல் மாதிரி வழவழத்திருந்தது. பூவின் விளிம்போ நகத்தில் சுருக்கென்று மாட்டியது. ஈரப் பஞ்சால் முத்திரைக்குள் நாலு தேய்ப்பு தேய்த்தார், கறுப்பு பஞ்சில் வந்துவிட்டது. "கந்தகம் காட்டியிருக்கான். கொலுசுக்கு நாங்க பண்றதுதான்." காசின் மற்ற இடங்களில் இருந்த கறுப்பு அசையவே இல்லை.

விற்றவரைத் திட்டிப் பயனில்லை, அவரும் யாரிடமோ ஏமாந்திருக்கலாம். ஆனால் அன்று முதல் எனக்கு ஒரே ஓர் அளவுகோல். எந்த முத்திரை அழகு, எது அரிது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். முத்திரை பொய்யானால் அதைக் காட்டிக்கொடுக்க வேறு சாட்சி அந்தக் காசிலேயே இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். கீழே உள்ள மூன்றையும் அப்படித்தான் எடைபோட்டிருக்கிறேன். முத்திரையைச் சுமக்கும் காசைத் தாய்க்காசு என்று சொல்லிக்கொள்வோம்.

அதற்கு முன், அவன் கேட்காவிட்டாலும் மனசுக்குள் நினைத்திருக்கக்கூடிய நான்காவது: சிட்னியின் ஓட்டை டாலர். மறுமுத்திரை என்றாலே எல்லாரும் முதலில் பேசுவது அதைத்தான். நமக்கு அதில் தனிப்பட்ட உறவும் உண்டு. அந்த வெள்ளி நம்மூர் வழியாகப் போனது. 1812 நவம்பரில் சமராங் என்ற கப்பல் மதராஸிலிருந்து 40,000 ஸ்பானிய டாலர்களைச் சிட்னியில் கொண்டு இறக்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய வெள்ளி, மதிப்பு 10,000 பவுண்டு. அப்படியே புழக்கத்தில் விட்டால் அடுத்த கப்பலிலேயே பறந்துவிடும் என்று கவர்னர் லாக்லன் மக்குவாரிக்குத் தெரியும். வில்லியம் ஹென்ஷல் என்ற கைதியைப் பிடித்தார். அவன் கள்ளக்காசு அடித்துத்தான் நாடு கடத்தப்பட்டவன், ஆக வேலை தெரிந்த ஆள். ஒவ்வொரு டாலரின் நடுவிலும் வட்டமாகத் துளைத்து எடுத்தான். வெளிவளையம் ஐந்து ஷில்லிங், உள்ளே வந்த வில்லை 15 பென்ஸ். இரண்டிலும் நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரும் 1813 என்ற ஆண்டும்.

கணக்கைப் பாருங்கள். 40,000 டாலர் 10,000 பவுண்டு என்றால் ஒன்று ஐந்து ஷில்லிங். வளையம் ஒன்றே போட்ட முதலை எடுத்துவிடுகிறது, வில்லை முழுக்க மேல்வரும்படி. வெளியூர்க்காரன் நடுவில் வெள்ளி இல்லாத டாலரை அந்த விலைக்கு எடுக்கமாட்டான் என்பதால் காசு ஊரிலேயே தங்கும். 39,910 வளையங்கள் தேறின. சேதாரம் 90. நம் நகைக் கடைகள் போடும் சேதாரக் கணக்கைப் பார்த்தால் ஹென்ஷல் தங்கமான மனுஷன்.

1829 இல் அந்தக் காசுகளைச் செல்லாதவையாக்கினார்கள், பெரும்பாலானவை உருக்கப்பட்டன. இன்று தெரிந்து மிச்சம் இருப்பவை சுமார் 300 வளையங்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்று ஏலத்துக்கு வந்தால் விலை லட்சக்கணக்கான ஆஸ்திரேலிய டாலர்களில் போகும். எந்த நிறுவனத்தின் போனஸும் அங்கே போய்ச் சேராது. ஒவ்வொரு காசும் எங்கிருக்கிறது என்று ஏறக்குறைய கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் "தாத்தா பெட்டியில் கிடைத்தது" என்று யாராவது இணையத்தில் விற்றால் சிரித்துவிட்டு நகர வேண்டியதுதான். அதே 1813 இல் கனடாப் பக்கம் பிரின்ஸ் எட்வர்டு தீவிலும் 1,000 டாலர்களைத் துளைத்து, கதிர் விடும் சூரியன் மாதிரி ஒரு முத்திரை குத்தினார்கள். எளிமையான முத்திரை. உள்ளூர்க்காரர்களே வீட்டில் ஓட்டை போட ஆரம்பித்துவிட்டார்கள், அடுத்த ஆண்டே அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

சரி, இப்போது அவன் அனுப்பிய படங்கள்.

முதல் படம் அசோர்ஸ். லிஸ்பனிலிருந்து மேற்கே சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் கிடக்கும் ஒன்பது தீவுகள், போர்ச்சுகலுக்குச் சொந்தம். அங்கே எல்லா நாட்டு வெள்ளியும் கலந்து புழங்கியது. ஸ்பெயின், பிரேசில், மெக்சிகோ, பெரு, பிரான்ஸ் என்று கப்பல் எங்கிருந்து வந்ததோ அந்த ஊர்க் காசு. 1887 இல் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. கையில் இருக்கும் அந்நிய வெள்ளியை எடுத்து வாருங்கள், கிரீடமும் அதன் கீழே ஜி.பி. என்ற எழுத்துகளும் குத்தித் தருகிறோம், குத்தியது இன்ன விலைக்குச் செல்லும். பெரிய டாலர் அளவுக் காசு 1,200 ரெய்ஸ், ரெய்ஸ் என்பது போர்ச்சுகல் பணம். ஜி.பி. என்றால் போர்ச்சுகல் அரசு, அவ்வளவுதான். கவித்துவம் எதுவும் இல்லை, ரேஷன் கார்டில் சீல் போட்ட மாதிரி.

இதன் கவர்ச்சி தாய்க்காசில். எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் ஒரே முத்திரையில் உலகமே சேகரிக்கலாம். அதிலும் பிரேசிலின் 960 ரெய்ஸ் மேல் ஜி.பி. குத்தியது கிடைத்தால் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். 1810 முதல் பிரேசில் அந்தக் காசைப் பெரும்பாலும் புதிதாக வார்க்கவில்லை. ஸ்பானிய எட்டு ரியால் காசுகளை, அதாவது அதே ஸ்பானிய டாலர்களை வாங்கி அவற்றின் மேலேயே தன் அச்சை அழுத்தியது. அழுத்தம் எல்லா இடத்திலும் முழுசாகப் படியாது. சாய்த்துப் பிடித்தால் போர்ச்சுகல் கேடயத்தின் ஓரத்தில் ஸ்பானிய ராஜாவின் மூக்கோ, ஆண்டின் ஓர் எண்ணோ மங்கலாகத் தெரியும், சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய தேர்தல் சின்னம் தெரிவது மாதிரி. அதன் மேல் 1887 இல் ஜி.பி. ஒரே வெள்ளித் துண்டில் மூன்று ஆட்சிகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

ஆசை காட்டிவிட்டேன், இனி பயம் காட்டுகிறேன். எது வேண்டுமானாலும் தாய்க்காசாக இருக்கலாம் என்பது கள்ளன் காதில் தேன். 1887 க்கு முந்தைய எந்த வெள்ளிக் காசையும் அவன் எடுத்துக் குத்தலாம், தாய்க்காசு சாட்சி சொல்லாது. ஜி.பி. முத்திரையில் போலிகள் மலிந்து கிடப்பது இதனால்தான். சில அசட்டுக் கள்ளர்கள் 1887 க்குப் பிந்தைய காசிலேயே குத்தி மாட்டிக்கொள்வார்கள், அவர்களால் ஆபத்து இல்லை. ஆபத்தானது 1780 என்று ஆண்டு போட்ட மரியா தெரசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளிக் காசு மாதிரியானவை. அந்தக் காசை வியன்னா அச்சாலை இன்றுவரை அதே 1780 என்ற ஆண்டுடன் அடித்துக்கொண்டிருக்கிறது! ஆண்டைப் பார்த்து எதுவும் தீர்மானிக்க முடியாது. தாலரில் ஜி.பி. பார்த்தால் நான் கையை எடுத்துவிடுவேன். அவன் அனுப்பிய படத்தில் இருந்தது மெக்சிகோ பேசோ. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை, நம்பவும் ஒன்றும் இல்லை.

இரண்டாவது படம், ஓட்டைக் காசு. போர்ட்டோ ரிக்கோ, அப்போது ஸ்பெயினிடம் இருந்த கரீபியன் தீவு. இதைப் பார்த்ததும் பழைய வலி கிளம்பியது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதனால் என் தீர்ப்பில் கொஞ்சம் உப்பு தூக்கலாக இருக்கலாம்.

கதை என்னவோ மூன்றிலும் எளிமையானது, மனசுக்கு நெருக்கமானதும்கூட. காசுமாலை கோப்பவர்களுக்குத் தெரியும், வெள்ளிக் காசு என்றால் ஓட்டை போடத்தான் கை போகும். கரீபியனிலும் அப்படித்தான், கழுத்தில் கட்டினார்கள், துணியில் தைத்தார்கள். கஷ்டம் வந்தபோது அவிழ்த்துக் கடைக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரன் ஓட்டையைக் காட்டி விலையைக் குறைப்பான், அல்லது வாங்கமாட்டான். நம் ஊரில் 1943 இல் அரசே நடுவில் வட்டம் விட்டு அடித்த ஓட்டைக் காலணா இருந்ததால் நமக்கு ஓட்டை பழக்கம். அங்கே ஓட்டைக் காசு என்றால் செல்லாக்காசு. தீவில் இருந்த காசில் பாதிக்கு இப்படி நோய் பிடித்தால் சந்தை என்ன ஆகும்? 1884 இல் ஸ்பானிய அரசு ஓட்டைக் காசுகளை வாங்கி லில்லிப்பூ குத்தித் திருப்பிக் கொடுத்தது. பூ இருந்தால் ஓட்டை மன்னிக்கப்பட்டது, முழு விலைக்குச் செல்லும். 1890களில் திரும்பப் பெறும் வரை அப்படியே ஓடின. அமெரிக்க அரை டாலர்களும் டாலர்களும் அதில் நிறைய.

ஆக உண்மையான காசில் இரண்டு அடையாளம் இருக்க வேண்டும், ஓட்டையும் பூவும். இரண்டு சாட்சி என்றால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. கள்ளனின் வரவு செலவைப் போட்டுப் பாருங்கள். ஓட்டை விழுந்த அமெரிக்க அரை டாலரைச் சேகரிப்பாளர் யாரும் தொடமாட்டார்கள், வெள்ளி விலைக்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ கிடைக்கும். அதில் ஒரு பூவைக் குத்தினால் விலை பல மடங்கு. முதல் குறைவு, லாபம் அதிகம், ஓட்டையோ ஏற்கெனவே பழசாகவே இருக்கிறது. என் பத்தர் சொன்ன மாதிரி, ஓட்டை நிஜம், பூ பொய். மூன்றில் இதுதான் கள்ளனுக்கு மிக லாபமான தொழில். முதல் காசாக இதை வாங்கச் சொல்லமாட்டேன். ஐந்தாறு நிஜப் பூக்களைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு வாங்கட்டும்.

மூன்றாவது படம் மணிலா. அதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போய் மெக்சிகோ, பெரு, பொலிவியா என்று குடியரசுகள் ஆன காலம். பிலிப்பைன்ஸ் இன்னும் ஸ்பெயினிடமே இருந்தது. ஆனால் மணிலாவின் வெள்ளி பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும். வந்தது, ராஜா தலை இல்லாமல். பெருவின் காசில் கோலும் கேடயமும் பிடித்த சுதந்திர தேவி. பொலிவியாவின் காசில் கிளர்ச்சித் தலைவர் பொலிவாரின் முகம், சுற்றிலும் "அரசியலமைப்பால் சுதந்திரம்" என்ற வாசகம். ராஜ விசுவாசியான கவர்னருக்கு எப்படி இருந்திருக்கும்! வெள்ளியை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் வியாபாரம் நின்றுவிடும். படத்தை அனுமதிக்கவும் முடியாது, மணிலாக்காரர்களுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொள்ளும்.

1828 இல் கவர்னர் மரியானோ ரிகஃபோர்ட் முதலில் செய்தது பெரிய மனுஷத்தனமான வேலை. காசின் முழுப் பரப்பையும் மூடுமாறு ஓர் அச்சு. ஒரு பக்கம் மணிலா, 1828 என்ற ஆண்டு, இன்னொரு பக்கம் ஏழாம் ஃபெர்டினாண்ட் ராஜாவின் பெயரால் செல்லத்தக்கது என்ற வாசகம். பார்க்கக் கம்பீரம். ஆனால் தடித்த, ஏற்கெனவே அச்சான வெள்ளியின் மேல் அவ்வளவு பெரிய அச்சை அழுத்தினால் அச்சுதான் உடையும். உடைந்தது. சில ஆண்டுகள் தட்டுத்தடுமாறி ஓட்டிவிட்டுக் கைவிட்டார்கள். அந்தக் காசுகள் இன்று விலை அதிகம், பாதிக்கு மேல் மங்கலாகவும் இருக்கும். முதல் காசுக்கு வேண்டாம்.

1832 இல் புத்தி வந்தது. சின்ன முத்திரை போதும். கிரீடமும் எஃப் என்ற எழுத்தும் ஏழு என்ற எண்ணும், அதாவது ஏழாம் ஃபெர்டினாண்ட். சுதந்திர தேவி அப்படியே நிற்கட்டும், மேலே ராஜாவின் கை விழுந்தால் சரி. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அந்த ராஜா செத்துப்போனார். கப்பலில் செய்தி வந்து புதுக் குத்தூசி செய்யும் வரை செத்த ராஜாவின் முத்திரையே விழுந்துகொண்டிருந்தது. 1834 டிசம்பரில் புது முத்திரை வந்தது. கிரீடம், கீழே ஒய் என்ற எழுத்து, ரோமன் இரண்டு. இசபெல்லாவை ஸ்பானியர் அப்போது ஒய் போட்டு எழுதினார்கள். இரண்டாம் இசபெல்லா மகாராணிக்கு அப்போது வயது நான்கு.

தங்கை மகன் அனுப்பிய படம் இதுதான். பொலிவியாவின் எட்டு சுவெல்தோ என்ற டாலர் அளவு வெள்ளிக் காசு, முகப்பில் பொலிவார், அவருடைய பெரிய மூக்குக்குச் சற்று முன்னால் ஒய்-2. பாதிக் கண்டத்தையே ஸ்பெயினிடமிருந்து பிடுங்கியவருக்கு, அவர் இறந்து நான்கைந்து ஆண்டுகள் கழித்து, பால்பல் விழாத ஒரு சிறுமியின் பெயரால் அனுமதிச் சீட்டு. அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விலை கேட்காமல் இருந்தால் அன்றைக்கே நான் வாங்கியிருப்பேன், அவனுக்கு மிச்சம் இருந்திருக்காது.

ஆசையை ஒதுக்கிவிட்டு அளவுகோலுக்கு வருவோம். இந்த முத்திரை 1837 இல் நின்றுவிட்டது. ஸ்பெயின் மெக்சிகோவின் விடுதலையை அதற்கு முந்தைய டிசம்பரில் ஏற்றுக்கொண்டது, அப்புறம் அந்தக் காசுகளைக் கண்டு பயப்படுவதில் அர்த்தம் இல்லை. ஆக ஒய்-2 விழுந்த காசு ஸ்பானிய அமெரிக்கக் குடியரசுகளுடையதாக இருக்க வேண்டும், 1837 க்கு முந்தையதாக இருக்க வேண்டும். பொலிவார் தலை போட்ட எட்டு சுவெல்தோ 1827 இல்தான் வர ஆரம்பித்தது. அப்படியானால் இந்தத் தாய்க்காசுக்கு இருக்கும் சாளரம் பத்தே ஆண்டுகள். தாய்க்காசின் தேய்மானமும் அதற்குள் அடங்க வேண்டும். முத்திரைக்குள் மட்டும் கூர்மை, பொலிவார் மூஞ்சி மட்டும் அரை நூற்றாண்டு ஓடித் தேய்ந்த மாதிரி என்றால் ஏதோ சரியில்லை. அசோர்ஸில் இப்படிக் கேள்வி கேட்கவே முடியாது.

கள்ளனின் வரவு செலவும் இங்கே அவனுக்கு அவ்வளவு இனிக்காது. அந்தக் காலத்து எட்டு சுவெல்தோ முத்திரை இல்லாமலே நல்ல விலை போகும். குத்தினால் கூடும், ஆனால் ஓட்டைக் காசில் கூடுவது மாதிரி பல மடங்கு கூடாது. குத்தும்போது கை பிசகினால் நல்ல காசும் போச்சு. இதனால் போலி இல்லை என்று சொல்லவரவில்லை. இருக்கிறது, அதிலும் முழுக் காசையும் முத்திரையோடு சேர்த்து வார்த்தவை உண்டு. ஆனால் வார்ப்பை எடை காட்டிக்கொடுத்துவிடும். 27 கிராம் சுற்றி இருக்க வேண்டும், புழக்கத்தில் தேய்ந்தால் கொஞ்சம் குறையும். 24 என்றால் பேச்சையே நிறுத்திவிடலாம்.

இன்னொன்றையும் அவன் கேட்டிருக்கலாம், ஆனால் கேட்கவில்லை: ஜாவாவுக்குப் பக்கத்தில் மதுரா தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் சுமெனெப். அங்கே உள்ளூர்ச் சுல்தான் ஸ்பானிய டாலர்களில் அரபு எழுத்தில் ஊர்ப்பெயரைக் குத்தினார். ஐரோப்பிய ராஜா தலையில் அரபு எழுத்து, பார்க்க அசத்தும். ஆனால் அதற்கு நம் பக்கம் விவரம் தெரிந்த ஆள் அரிது, போலியைப் பிரிக்க ஒப்பிட்டுப் பார்க்கும் காசுகளும் அரிது. பிற்பாடு பார்க்கலாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றில் ஓட்டை அரை டாலர்தான் மலிவு, மற்ற இரண்டும் நிலையைப் பொறுத்து ஒன்றையொன்று முந்தும். ஆனால் மலிவு என்பது நிஜமாக இருந்தால்தான் மலிவு. என்.ஜி.சி. மாதிரித் தரச்சான்று நிறுவனங்கள் இந்த வகைக் காசுகளுக்குத் தாய்க்காசின் நிலையைத் தனியாகவும் முத்திரையின் நிலையைத் தனியாகவும் எழுதித் தருகிறார்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் முதல் காசை அப்படிச் சான்றோடு வாங்குவது நல்லது. பெட்டிக்குள் அடைத்த காசைத் தொட்டுப் பார்க்க முடியாதே என்று எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. இருந்தாலும் பத்தர் கடை வாசலில் நின்ற வருத்தம் அதைவிடப் பெரிசு.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் நாட்டில் 1972 இன் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டத்தில் இந்தியக் காசு, அந்நியக் காசு என்று பிரிவினை இல்லை. லிஸ்பனிலோ நியூயார்க்கிலோ ஏலத்தில் எடுத்துச் சுங்கமும் கட்டிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் இங்கேயே விற்க வேண்டியதுதான். இங்கே ஜி.பி. என்றால் என்னவென்று தெரிந்து விலை கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? மக்குவாரி ஓட்டை போட்டுச் செய்ததை நம் சட்டம் ஓட்டை போடாமலே செய்துவிடுகிறது, உள்ளே வந்த வெள்ளி வெளியே போகாது. அதனால் "பின்னாடி நல்ல விலைக்குப் போகுமா மாமா?" என்ற கேள்விக்கு என் பதில், போகும் என்று நினைத்து வாங்காதே என்பதுதான். இருபது வருஷம் மேஜை இழுப்பறையில் வைத்து எடுத்து எடுத்துப் பார்க்கத் தோன்றும் காசை வாங்கு.

இந்தக் கணக்கிலும் பொலிவாரே ஜெயிக்கிறார். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். யாராவது ஒருவர் பல நாட்டு வெள்ளிக் காசுகளை ஏற்கெனவே கையாண்டு பழகியிருந்தால், பிரேசில் 960 இன் மேல் விழுந்த ஜி.பி.யை நான் இதற்கு மேலே வைப்பேன். அதில் அடியில் இருக்கும் ஸ்பானியக் காசு, நடுவில் பிரேசில் அச்சு, மேலே முத்திரை என்று மூன்று அடுக்கின் தேய்மானத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், அந்தப் படிப்புக்குக் கண் பழகியிருந்தால். என் மருமகனுக்கு இன்னும் பழகவில்லை. பெரு அல்லது பொலிவியாவின் மேல் ஒய்-2 அவனுக்குப் போதும்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது முகப்புப் படத்தை அல்ல, அதை எல்லாரும் அழகாக எடுத்து அனுப்பிவிடுவார்கள். முத்திரைக்கு நேர் பின்பக்கத்தின் படம் வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுத்தது. சுத்தியல் அடியில் நகர்ந்த வெள்ளி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். முன்னால் குத்தினால் பின்னால் அந்த இடம் கல்லில் அழுந்தித் தட்டையாகும், அங்கே இருந்த சித்திரம் மற்ற இடத்தைவிட மங்கும். பின்பக்கம் எதுவுமே நடக்காத மாதிரி இருந்தால் முத்திரை வார்ப்போடு வந்தது, அல்லது செதுக்கியது. பொலிவியக் காசின் பின்பக்கத்தில் ஒரு மரமும் அதன் அடியில் லாமா என்ற ஒட்டகச் சாதி விலங்குகள் இரண்டும் மேலே ஆறு நட்சத்திரங்களும் இருக்கும். எது முத்திரைக்கு நேரே வருகிறதோ அது நசுங்கியிருக்க வேண்டும்.

இதை எழுதி அவனுக்கு அனுப்பி மூன்று நாள் பதில் இல்லை. நேற்றிரவு ஒரு படம் வந்தது. பக்கவாட்டு வெளிச்சம், நான் சொன்னபடியே எடுத்து வாங்கியிருக்கிறான். மரம் தெளிவாக இருந்தது, நட்சத்திரங்களும் எண்ணும்படி இருந்தன. இடது பக்க லாமாவுக்கு மட்டும் கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை, வழவழவென்று தட்டை. "தலையில்லாத லாமா மாமா, வாங்கிடவா?" என்று கேட்டிருந்தான். எடை எவ்வளவு என்று முதலில் கேள் என்று எழுதினேன்.